மேட்டில் ஒரு நடுக்கம், தேனி ரோட்டில் ஒரு நடுக்கம்: பழைய ஜீப்பின் ஷாஃப்டைச் சோதிப்பது எப்படி

பூப்பாறை, சூரியநெல்லி, நெடுங்கண்டம் பக்கம் ஓடும் பழைய ஜீப்புகளுக்கு இரண்டு பிழைப்பு உண்டு. விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, செகண்ட் கியரில் உறுமியபடி மேடு ஏறுவது ஒன்று. கல்யாணம், ஆஸ்பத்திரி, சந்தை என்று கீழே இறங்கி, தேனி ரோட்டில் அறுபதில் ஓடுவது இன்னொன்று. முதலாவதில் பளு அதிகம், வேகம் குறைவு. இரண்டாவதில் வேகம் அதிகம், பளு குறைவு. கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதன் நடுக்கமும் அதேபோல இரண்டு ஜாதி. மேட்டில் மட்டும் வருகிற நடுக்கத்துக்கும் சமவெளியில் மட்டும் வருகிற நடுக்கத்துக்கும் காரணம் பெரும்பாலும் வேறு வேறு.

இதைப் பிரித்துக் கேட்காமல், வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே "கிராஸ் போயிருச்சு, மாத்திரலாம்" என்று தீர்ப்புச் சொல்வதுதான் இங்கே வழக்கம். கிராஸ் என்பது ஷாஃப்டின் முனையில், கோணத்திலும் சுற்ற விடுகிற சிலுவை வடிவ மூட்டு. அதன் விலை பெரிதில்லை, கழற்றி மாட்டுவதும் அரை நாள் வேலை, அதனால் யாரும் யோசிப்பதில்லை. புது கிராஸ் போட்டும் நடுக்கம் போகாமல், இரண்டாவது கிராஸும் போட்டுவிட்டு, "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மகிந்திரா சி.ஜே. 3பி, எம்.எம். 540, கமாண்டர், மாருதி ஜிப்ஸி போன்ற பட்டை ஸ்பிரிங் நாலு சக்கர வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஸ்பானர் எடுக்கும் முன்னால்

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் ஷாஃப்டுக்கு அதில் பங்கில்லை. இன்ஜின் மவுண்டிங் ரப்பர், கிளட்ச், டீசல் சப்ளை என்று வேறு பக்கம் போங்கள்.

அது சரியாக இருந்தால், போக்குவரத்தில்லாத சமமான ரோட்டில் நடுக்கம் வருகிற வேகத்துக்குப் போங்கள். அதே வேகத்தில் கியரை ஒன்று இறக்கிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் நடுக்கம் மாறாமல் இருந்தால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஏதோ ஒன்று. பிறகு நியூட்ரலில் தள்ளி உருளவிடுங்கள். அப்போதும் அதே நடுக்கம் என்றால் வேக நடுக்கம். உருளும்போது சட்டென்று அடங்கினால் பளு நடுக்கம். நியூட்ரல் சோதனையைச் சமவெளியில் மட்டும் செய்யுங்கள். போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரல் போட்டுப் பார்ப்பவருக்கு ஷாஃப்ட் பற்றிய கவலையே இருக்காது, பிரேக் பற்றிய கவலைதான் இருக்கும்.

அடுத்தது, நடுக்கம் எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பது. 6.00-16 டயரும் 5.38 விகிதக் கவுனும் (ஆக்ஸிலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரம்; சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5.38 சுற்று) உள்ள ஜீப் அறுபதில் ஓடும்போது சக்கரம் நொடிக்கு ஏழெட்டுச் சுற்று சுற்றும். ஷாஃப்ட் நொடிக்கு நாற்பது சுற்று. கிராஸின் கோணத்தால் வரும் அதிர்வு, ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்பதால், நொடிக்கு எண்பது. சக்கரக் கோளாறு என்றால் உடம்பே ஆடும், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். ஷாஃப்ட் பேலன்ஸ் கோளாறு சீட்டுக்கடியில் பொடிப்பொடியாக உதறும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். கோணக் கோளாறு உதறலாகத் தெரிவதைவிட, தரைத்தகட்டிலிருந்து காதுக்கு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரமாக வரும். ஒரு வாரம் கவனித்துப் பழகினால் போதும், மூன்றும் பிடிபட்டுவிடும்.

ஸ்டீயரிங் மட்டும் கையை விட்டுப் பிடுங்குகிற மாதிரி ஆடினால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. கிங்பின், டை ராடு முனை, முன் பட்டை புஷ், டயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

வண்டியின் அடியில் போகும் முன்னால் ஒரு எச்சரிக்கை

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் ஷாஃப்டுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில், அதாவது ஷாஃப்ட் மாட்டும் முனையில், உள்ள டிரம்மில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டைத்தான். பின் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும், கியரில் போட்டு நிறுத்துவதும் பின் சக்கரத்துக்குப் பயன்படாது. மலைப்பாதையில் சமதளம் என்று நாம் நினைக்கிற இடம்கூட ஏதோ ஒரு பக்கம் சரிவுதான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். சாலையோரத்துக் கல் போதாது, அது உருளும்.

அந்த டிரம்மையும் ஒரு பார்வை பாருங்கள். அது ஷாஃப்ட் வேகத்திலேயே சுற்றுகிற கனமான இரும்பு. உள்ளே சேறு காய்ந்து ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ் போன மாதிரியே நடுங்கும்.

ஐம்பதில் ஆரம்பித்து அறுபதில் கூடி, கியர் மாற்றினாலும் மாறாத நடுக்கம்

இதுதான் தேனி ரோட்டு நடுக்கம். மலையில் முப்பதுக்கு மேல் போகாத வண்டியில் இது மாதக்கணக்கில் வெளியே தெரியாமலே கிடக்கும். பேலன்ஸ் தவறிய எடையின் உதைப்பு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். முப்பதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று அறுபதில் பல்லைக் கிட்ட வைக்கும்.

முதலில் ஷாஃப்டைக் கழுவுங்கள். சிரிக்க வேண்டாம். கொழுக்குமலைப் பாதையில் போய் வந்த வண்டியின் ஷாஃப்ட் குழாயில் களிமண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தேய்க்கும்போதே, குழாயில் ஸ்பாட் வெல்டு செய்த சின்ன இரும்புத் தகடு எங்கே என்று தேடுங்கள். அது பேலன்ஸ் எடை. தகடு இல்லாமல் வெல்டு தழும்பு மட்டும் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

அடுத்து வளைவு. மலைப்பாதையில் பாறையில் உட்கார்ந்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து இரண்டு சக்கரத்தையும் தூக்குங்கள். சேஸிஸுக்குக் கொடுத்தால் ஆக்ஸில் தொங்கி, கோணம் மாறிவிடும்; அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகு, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். டயல் கேஜ் இருந்தால் குழாயின் நடுவிலும் இரு முனையிலும் வையுங்கள். இல்லையென்றால் ஒரு சாக்பீஸை ஏதாவது தாங்கலில் அசையாமல் பிடித்து, குழாயைத் தொட்டும் தொடாமலும் நெருக்குங்கள். சுற்று முழுவதும் கோடு விழுந்தால் குழாய் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம் மேடு. அரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பேலன்சிங் கடைக்குக் கொடுக்க வேண்டியதுதான். சூடு காட்டி, சுத்தியல் தட்டி நிமிர்த்துகிற வித்தைக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவது நொடிக்கு நாற்பது சுற்றில் நேராக இருக்காது.

குழாய் நேராக இருந்தும் நடுக்கம் உண்டா? ஹோஸ் கிளிப் இரண்டு வாங்கி, குழாயின் பின்முனை அருகே சேர்த்து மாட்டி, திருகுகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். கால் சுற்று நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். நான்கு இடத்தில் எதிலாவது நடுக்கம் தெளிவாகக் குறைந்தால், கோளாறு பேலன்ஸில்தான் என்று உறுதி. கிளிப் நன்றாக இறுகியிருக்க வேண்டும், கழன்று பறக்கக் கூடாது. இதை நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பேலன்சிங்குக்குப் பணம் செலவழிக்கலாமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு தொடங்கிய நடுக்கம்

இதற்குத் தனித் தலைப்பு தேவை. வண்டி நேற்றுவரை நன்றாக ஓடியது, கிளட்ச் மாற்றினார்கள் அல்லது கிரீஸ் அடித்தார்கள், இன்று நடுங்குகிறது. இப்படி வந்தால் பல்லுப் பகுதியைப் பாருங்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக நீண்டு சுருங்குகிற இடம் அது. கிராஸைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். முன் காது படுத்திருந்தால் பின் காதும் படுத்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது வெளியே வரும் சுற்று ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். பத்து டிகிரியில் சுமார் ஒன்றரை சதவீதம், இருபது டிகிரியில் ஆறு சதவீதத்துக்கு மேல். முன் கிராஸ் செய்கிற இந்தக் குழப்பத்தைப் பின் கிராஸ் அப்படியே எதிர்த்து அழிக்கும், காதுகள் நேராக இருந்தால். பல்லில் ஓரிரண்டு தள்ளி மாட்டிவிட்டால் அழிக்காது. கால் சுற்று தள்ளி மாட்டினால் குழப்பம் இரட்டிக்கும்.

பல ஷாஃப்டுகளில் இரண்டு துண்டிலும் அம்புக்குறி இருக்கும். துரு மூடியிருந்தால் தேய்த்துப் பாருங்கள். குறியே இல்லையென்றால் கழற்றுவதற்கு முன்னால் நீங்களே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பல்லுக்குள் கிரீஸைத் திணித்து நிரப்புவதும் தப்பு. ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல், குழி விழுந்த ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை முட்டும்.

ஆள் ஏறினால் நின்றுபோகிற நடுக்கம்

சாந்தன்பாறையிலிருந்து வந்த ஒரு டிரைவர் சொன்னது: "அண்ணே, வெறும் வண்டியா வந்தா உயிர எடுக்குது. பத்துப் பேர் ஏறிட்டா பூ மாதிரி போகுது."

"பின்னாடி பட்டை சேத்திருக்கியா தம்பி?"

"போன மாசம் ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டேண்ணே. லோடுக்கு உக்காருதுன்னு."

வேறு எதையும் கழற்றாமலே காரணம் தெரிந்துவிட்டது. பட்டை சேர்த்ததும் வெறும் வண்டி பின்னால் தூக்கி நிற்கிறது. ஷாஃப்ட் செங்குத்தாகச் சரிகிறது, கோணம் கூடுகிறது. ஆள் ஏறினால் வண்டி இறங்கி, கோணம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, லோடு ஏறினால் மட்டும் நடுங்கினால் பட்டை களைத்துப்போய் ஆக்ஸில் மேலே வந்துவிட்டது என்று பொருள்.

கோணத்தை அளப்பது கடினமில்லை. காந்தக் கோணமானி சின்னதாகக் கிடைக்கிறது. செல்போன் ஆப்பும் உதவும். வண்டி சமதரையில், நான்கு சக்கரமும் தரையில், வழக்கமான பளுவோடு நிற்கட்டும். மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: டிரான்ஸ்ஃபர் கேஸின் வாய், குழாய், பினியன் வாய் (பினியன் என்பது ஆக்ஸிலில் கவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்). டிரான்ஸ்ஃபர் கேஸின் வாய் பின்னோக்கி 3 டிகிரி கீழே பார்க்கிறது, குழாய் 11 டிகிரி சரிந்திருக்கிறது, பினியன் மூக்கு முன்னோக்கி 3 டிகிரி மேலே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் கிராஸில் 8, பின் கிராஸில் 8. சமம், நல்லது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டி, பட்டை சேர்த்து வண்டியை உயர்த்துகிற இளைஞர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உயர்த்தியதும் குழாய் 15 டிகிரி சரிகிறது, இரண்டு கிராஸிலும் 12. கோணம் அதிகமாகத் தெரிகிறதே என்று பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு போட்டு, பினியன் மூக்கை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்துத் தூக்கிவிடுகிறார்கள். இப்போது பின் கிராஸில் 4, முன் கிராஸில் 12. ஒரு கோணம் குறைந்தது, ஆனால் சமம் போய்விட்டது, நடுக்கம் முன்பைவிட மோசம். பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கித் திருப்புவது, முன்முனையில் இரட்டைக் கிராஸ் ஜாயின்ட் வைத்த ஷாஃப்டுக்கு மட்டும் பொருந்தும். சாதா ஷாஃப்டுக்கு இரு வாயும் இணையாக இருப்பதே முறை. என்னைக் கேட்டால், தோட்ட வேலைக்கு ஓடும் வண்டியை உயர்த்தவே வேண்டாம்.

மேட்டில் மிதித்தால் உதறி, காலை எடுத்தால் அடங்குவது

இழுவை அதிகமாகும்போது பின் ஆக்ஸில் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கைத் தூக்கும். நல்ல பட்டை அதைத் தாங்கும். யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ, சென்டர் போல்ட் ஒடிந்திருந்தாலோ, மெயின் பட்டையில் விரிசல் இருந்தாலோ தாங்காது. சென்டர் போல்ட் ஒடிந்த வண்டியில் ஆக்ஸில் சற்றே குறுக்காக நிற்கும். இரு பக்கமும் பட்டையின் முன் கண்ணிலிருந்து ஆக்ஸில் வரை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

பட்டை சரி என்றால் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். எண்ணெய் குடித்து ஊறிப்போன ரப்பர், கையால் அழுத்தினால் களி மாதிரி உள்ளே போகும். ஒரு ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கிளட்சை அரைகுறையாக விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கியர்பாக்ஸ் எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது.

காலை எடுத்தால் மட்டும் முனகுகிற வண்டியில் பினியன் பேரிங்மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும். பினியன் வாயைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அது பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி. மேலும் கீழுமாக ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் சீலையும் சேர்த்துக் கிழித்து எண்ணெய் ஒழுகவிட்டிருக்கும். நட்டை மட்டும் இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பேரிங்கின் முன்னிறுக்கம் கெட்டு, கவுனும் பினியனும் சேர்ந்து போகும்.

கீச் கீச், டக் டக்

மெதுவாகப் போகும்போது அடியில் குருவி கத்துவது போலச் சத்தம், வேகத்தோடு சேர்ந்து வேகமாகக் கத்துகிறது என்றால் கிராஸ் காய்ந்துவிட்டது. இடுக்கி மழையில் நான்கு மாதம் நனைந்த ஷாஃப்டில் தண்ணீர் கிராஸின் ஊசி பேரிங்குக்குள் போய், அதை மூடிய கப்பின் விளிம்பில் செம்மண் பொடி மாதிரித் துரு தள்ளியிருக்கும். அந்தச் சிவப்புப் பொடியைப் பார்த்துவிட்டால் கிரீஸ் அடித்துப் பயனில்லை, அதுதான் கிராஸ் மாற்ற வேண்டிய நேரம்.

பொடி இல்லையென்றால் நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து அடியுங்கள். நான்கு கப்பிலிருந்தும் பழைய கறுப்பு கிரீஸ் போய்ப் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லையென்றால் அந்தக் கப் பட்டினி கிடக்கிறது.

முன்னே பின்னே எடுக்கும்போதும், மிதித்து விடும்போதும் வருகிற 'டக்' சத்தத்துக்கு, குழாயை ஒரு கையாலும் வாயை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டமா, பல்லில் ஆட்டமா, பினியன் நட்டு தளர்வா என்று கைக்கே தெரியும். கழற்றிய கிராஸின் காலில் விரல் நகத்தை ஓட்டினால் ஊசி பதிந்த வரிகள் தட்டுப்படும். அப்படி வரி விழுந்த கிராஸ் நேராக இருக்கும்போது சும்மா இருக்கும், மடியும்போது கட்டிக்கட்டியாகப் பிடிக்கும்.

புதிது போடும்போது ஊசி ஒன்று சரிந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்வது சகஜம். சர்க்லிப் பள்ளத்தில் உட்கார மறுத்தால் சுத்தியலால் பலம் காட்டாமல் கப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். யூ போல்ட் போட்டுப் பிடிக்கிற வகையில் நீளமான ராடு போட்டு இறுக்கினால் கப் நசுங்கி, புது கிராஸே இறுகிப்போகும். மாட்டிய பிறகு ஷாஃப்டின் முனை தன் எடையில் தானாகத் தொங்கி மடிய வேண்டும்.

முன் ஷாஃப்டை மறந்துவிடுவது

ஃபோர் வீல் போடவில்லை, எனவே முன் ஷாஃப்ட் சும்மா இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டியிலும், ஹப்பை லாக்கிலேயே விட்டுவிட்ட வண்டியிலும் டூ வீலில் போனாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சக்கரம் அதைச் சுற்றும். ஹப் இருந்தால் இரண்டையும் ஃப்ரீயில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு டூ வீலில் தேனி வரை போய் வாருங்கள். நடுக்கம் போனால் பின் பக்கத்தைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனையைப் பட்டறைக்காரர்கள் ஏன் முதலிலேயே செய்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கரடுமுரடுப் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு வந்த பிறகும் ஃபோர் வீலை எடுக்காமல் கொண்டை ஊசி வளைவு திரும்பினால் வண்டி விக்கி விக்கிப் போகும். அது பழுதே இல்லை. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டம் போகின்றன. நடுவில் டிஃப்ரென்ஷியல் இல்லாததால் இரண்டு ஷாஃப்டும் முறுக்கிக்கொள்கின்றன. லீவர் வெளியே வர மறுத்தால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து இழுங்கள். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் போட்ட வண்டியிலும் இதே விக்கல் உண்டு.

ஜிப்ஸியில் கூடுதலாக ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியில்லாமல் தனியாக ரப்பரில் தொங்குவதால், இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட். இதைத் தனியே சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியரை டாப்பில் போட்டு கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, குட்டை ஷாஃப்ட் மட்டும் சுற்றும். ஆக்சிலேட்டர் ஏற்றும்போது நடுங்கினால், அதே இன்ஜின் சுற்றில் கியரை நியூட்ரலுக்கு எடுத்து மறுபடி பாருங்கள். நியூட்ரலில் அடங்கினால் குட்டை ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மூன்று ரப்பர்களும்தான் பார்க்க வேண்டிய இடம். ரப்பரை மாற்றும்போது மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கேஸ் ஒரு பக்கம் தூக்கி நின்று, குட்டை ஷாஃப்டின் கோணம் கெட்டுவிடும்.